பராதீனப்படுத்த முடியாத சிவசிதம்பரம்

சுருவிலில் கடற்கரைப் பக்கமாக இருந்த தன் வீட்டு வளவைச் சுற்றிக் கம்பிவேலி எழும்பிக்கொண்டிருந்த காலையில், சிவசிதம்பரம் வெங்காயப் பாத்திக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார். அவர் பெரிதாக ஆச்சரியப்படவில்லை. தீவுப்பகுதிக்கு அவ்வப்போது யாராவது வருவார்கள், அளப்பார்கள், தடி நடுவார்கள், தடியோடு நின்று படம் எடுப்பார்கள், போய்விடுவார்கள். பிறகு ஆடுகள் வந்து தடியில் கட்டிய சிவப்பு நாடாவைத் தின்னும். இதுவும் அப்படி ஒன்றாக்கும் என்று நினைத்தார். தூண் நட்டுக்கொண்டிருந்தவனிடம் என்ன வேலை என்று கேட்டார். அவன் தமிழும் இல்லாத, சிங்களமும் இல்லாத, இங்கிலீசும் இல்லாத ஒரு பாஷையில் மிக மரியாதையாகப் பதில் சொன்னான். சிவசிதம்பரமும் மரியாதையாகத் தலையாட்டிவிட்டு மண்வெட்டியை எடுத்தார். பாத்தி முடித்து நிமிர்ந்தபோது அவருக்கும் பஸ் றோட்டுக்கும் நடுவில் வேலி நின்றது.

மனைவி மனோகரி அப்போது யாழ்ப்பாணத்தில் இருந்தாள். மகள் நிலாந்தினிக்குத் தலைப்பிள்ளை பிறந்திருந்தது, பெண் குழந்தை. பத்தியச் சாப்பாடு கொடுக்கத் தாய் போயிருந்தாள். பிறந்த தீட்டாகிய துடக்கைக் கழிக்கும் முப்பத்தோராம் நாள் சடங்குக்குச் சிவசிதம்பரம் போவதாக ஏற்பாடு. குழந்தையை அவர் தொலைபேசிப் படத்தில்தான் பார்த்திருந்தார். அதில் மூக்கு அவருடையது மாதிரி இருந்தது. அதை வேறு யாரும் சொல்லாததால் நேரே போய்ப் பார்த்து உறுதிப்படுத்த வேண்டியிருந்தது.

துடக்குக் கழிவுக்கு முதல்நாள் விடியத் தோய்ந்து, வெள்ளைச் சேட்டுப் போட்டு, முருங்கைக்காயும் நல்லெண்ணெயும் பையில் எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு வெளிக்கிட்டார். வேலியில் புதிதாக ஒரு படலை இருந்தது. படலையில் நீலச் சீருடையில் ஒரு இளைஞன் நின்றான். மண்டைதீவுப் பெடியன், பெயர் ரஜீபன் என்று தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டு, கூச்சத்தோடு கேட்டான்.

“ஐயா, பாஸ்போட் இருக்கோ?”

“யாழ்ப்பாணம் போக என்னத்துக்கு மோனை பாஸ்போட்?”

ரஜீபன் தனக்குத் தரப்பட்ட பயிற்சியை நினைவுபடுத்த முயன்றான். படலைக்கு அந்தப் பக்கம் நாடு. இந்தப் பக்கம் நீலச்சங்கு சர்வதேச வலயம். வலயமும் நாடுதான், அதில் சந்தேகமே கூடாது என்று சொல்லியிருந்தார்கள். ஆனால் வலயத்திலிருந்து நாட்டுக்குள் போக ஒரு அனுமதி, நாட்டிலிருந்து வலயத்துக்குள் வர இன்னொரு அனுமதி. “அதுக்கு மேல அவை சொன்னது எனக்கு விளங்கேல்ல ஐயா,” என்றான். சிவசிதம்பரம் மகளுக்குத் தொலைபேசி எடுத்தார். அழைப்புப் போவதற்கு முன் ஒரு பெண்குரல் அவரை வேறொரு நாட்டுக்கு அன்போடு வரவேற்றது.

விளக்கம் சொல்ல மத்தியானம் ஒரு அதிகாரி வந்தார். பெயர் குருபரன். இறைமைப் பேணல் திணைக்களத்தின் வடக்குப் பொறுப்பாளர். அரசியலமைப்புச் சட்டத்தை வெளிநாட்டில் போய்ப் படித்தவர். சுருவில் வெயிலில் கழுத்துப்பட்டி கட்டியிருந்ததால் அவரைக் கண்டதும் சிவசிதம்பரத்துக்கு இரக்கம் வந்தது. கதிரை எடுத்துப் போட்டு, இளநீர் வெட்டிக் கொடுத்தார். குருபரன் அதைக் குடித்து முடித்துத்தான் நாட்டின் கதையைச் சொன்னார்.

இந்தக் கரையை ஒரு வெளிநாட்டு நிறுவனத்துக்குத் தொண்ணூற்றொன்பது வருடக் குத்தகைக்குக் கொடுத்திருக்கிறார்கள். கொழும்பில் தேசபக்தர்கள் சிலர் அதை எதிர்த்து வழக்குப் போட்டார்கள். நாட்டின் இறைமை மக்களுக்குரியது, அது பராதீனப்படுத்த முடியாதது என்று அரசியலமைப்பில் எழுதியிருக்கிறது. பராதீனப்படுத்துவது என்றால் இன்னொருவர் கையில் கொடுத்துவிடுவது. அரசாங்கத்தின் வழக்கறிஞர் எழும்பி, நாங்கள் கரையைத்தான் கொடுத்தோம், இறைமையைக் கொடுக்கவில்லை, அது அங்கேயே மக்களிடம் பத்திரமாக இருக்கிறது என்று உறுதிமொழி கொடுத்தார். வழக்கு முடிந்தது. எல்லாரும் கைகுலுக்கிவிட்டுப் போனபிறகுதான் அங்கே மக்கள் இருக்கிறார்களா என்று பார்க்க ஆள் அனுப்பினார்கள். அக்கம்பக்கத்து வளவுகளின் சொந்தக்காரர்கள் ரொறன்ரோவிலும் லண்டனிலும் ஒஸ்லோவிலும் இருந்தார்கள். அவர்கள் எல்லாரும் சம்மதம் அனுப்பியிருந்தார்கள்.

“ஆகவே நீங்கள்தான் ஐயா மக்கள்,” என்றார் குருபரன்.

சிவசிதம்பரம் தனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தார். ஆடு ஒன்று நின்றது.

“இந்த வலயத்தின்ர இறைமை முழுக்க உங்களிட்டத்தான் கிடக்கு. நீங்கள் வெளியில போனா அதுவும் உங்களோட வெளியில போயிடும்.”

“நான் நாளைப் பின்னேர பஸ்ஸில திரும்பி வந்திடுவன் சேர்.”

“அதுக்கிடையில இந்த நிலம் ஆருடையது?” குருபரன் உண்மையான கவலையோடு கேட்டார். “இப்பத்தைய உலகத்தில ஒரு நாடு துலையிறதுக்கு ஒரு பின்னேரம் காணும் ஐயா.”

வெளியேற்ற அனுமதி என்று ஒன்று இருந்தது. மாற்றாக வேறு மக்கள் கிடைத்தால் அதைக் கொடுக்கலாம். கிடைக்கும்வரை பொறுத்திருக்கும்படி நாடு அவரைக் கேட்டுக்கொண்டது. முருங்கைக்காயை ரஜீபன் தன் வேலை முடிந்து போகும்போது பஸ் கொண்டக்டரிடம் கொடுத்துவிட்டான். அதற்கு ஏற்றுமதி அனுமதி எடுக்க வேண்டுமென்று இரண்டு நாள் கழித்துத்தான் தெரியவந்தது.

முப்பத்தொன்று அவர் இல்லாமலே நடந்தது. பிறகு மனோகரி திரும்பி வந்தாள். படலையில் அவளிடம் வருகையின் நோக்கம் என்ன என்று கேட்டார்கள். புருஷனுக்குச் சோறு காய்ச்ச என்றாள். சமையல் ஒரு தொழில், அதற்கு வேலை விசா எடுக்க வேண்டும், உள்ளூரில் அந்த வேலைக்கு வேறு ஆள் இல்லையென்று நிறுவனம் அத்தாட்சிப்படுத்த வேண்டும் என்றார்கள். அப்படியென்றால் சும்மா பார்க்க வந்தேன் என்றாள். அது சுற்றுலா, ஹோட்டல் எடுத்த சான்று வேண்டும் என்றார்கள். அவள் தன் வீட்டுக் கூரையைக் கையால் காட்டினாள். அது ஹோட்டலாகப் பதியப்படவில்லை.

அன்று முழுக்க மனோகரி வேலிக்கு வெளியே பூவரச மரத்தடியில் இருந்தாள், சிவசிதம்பரம் உள்ளே இருந்தார். பின்னேரம் குருபரன் வந்தபோது சிவசிதம்பரத்துக்கு ஒரு யோசனை வந்தது. மனோகரியையும் உள்ளே விட்டால் மக்கள் இரண்டு பேர் ஆகிவிடும். ஒருவர் இறைமையை வைத்திருக்க மற்றவர் போய்ப் பேத்தியைப் பார்த்துவிட்டு வரலாம்.

குருபரனின் முகம் வெளுத்தது. ஒருவர் என்றால் மக்கள். இருவர் என்றால் மக்கள்தொகை. மக்கள்தொகை இருந்தால் உள்ளூராட்சி சபை வேண்டும், தேர்தல் வேண்டும், ஒருவரை ஒருவர் எதிர்த்துப் போட்டியிட வேண்டும். “ஒப்பந்தத்தில இறைமைக்கு மட்டும்தான் ஐயா இடம் விட்டிருக்கு,” என்றார். “சனநாயகத்துக்கு அவை ஒத்துக்கொள்ளேல்ல.”

மனோகரி கடைசி பஸ்ஸில் மகள் வீட்டுக்குத் திரும்பிப் போனாள்.

அதன்பிறகு சிவசிதம்பரத்தின் வாழ்க்கை ஒழுங்குபடுத்தப்பட்டது. முற்றத்தில் கொடிக்கம்பம் நட்டுக் கொடியும் தந்தார்கள். அறுபது வயது தாண்டும்வரை அவரிடம் யாரும் ஒரு கொடியை நம்பிக் கொடுத்ததில்லை. காலையில் ஏற்றவேண்டும், மாலையில் இறக்கவேண்டும். மழை வந்தால் கொடியைக் குசினிக்குள் எடுக்கலாம், அவர் முற்றத்தில்தான் நிற்கவேண்டும். வெளிநாட்டுத் தூதுக்குழுக்கள் வந்தால் கையசைக்க வேண்டும். ஒருநாள் அவருடைய தாய் ஆடு கடற்பக்க வேலியின் கீழால் நிறுவனத்தின் பக்கம் போய்விட்டது. அதை எல்லைதாண்டிய உயிரினம் என்று பிடித்துக் கட்டினார்கள். ஆடு தேசியத்தைச் சேர்ந்ததா வலயத்தைச் சேர்ந்ததா என்ற கேள்விக்குக் கொழும்பிலிருந்து பதில் வரவில்லை. இரவிரவாக அதன் குட்டிகள் இந்தப் பக்கம் நின்று கத்தின. சிவசிதம்பரம் குட்டிகளுக்குப் போத்தலில் பால்மா கரைத்துக் கொடுத்தார்.

இவ்வளவும் நடக்க, தமிழ்த் தேசியம் சும்மா இருக்குமா? சரவணமுத்து வந்தார். அவர் ஒரு தமிழ்க் கட்சியின் முக்கியஸ்தர், கட்சி எத்தனை தரம் உடைந்தாலும் முக்கியஸ்தராகவே மிஞ்சுகிறவர். ஒரு மணித்தியாலச் சுற்றுலா விசாவில், ஒரு படப்பிடிப்பாளரோடு, கையில் ஒரு தொலைபேசித் திரையோடு வந்தார். திரையில் ரொறன்ரோவிலிருந்து பன்னிரண்டு பேர் குளிர் உடுப்போடு சிவசிதம்பரத்தைப் பார்த்துக் கண்கலங்கினார்கள்.

சரவணமுத்து சிவசிதம்பரத்தின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். “அண்ணை, உங்களைச் சிறை வைச்சிருக்கிற இந்த அநியாயத்தை நாங்கள் வன்மையாகக் கண்டிக்கிறம்,” என்றார். “ஆனா ஒண்டு. நீங்கள் தயவுசெய்து வெளியில வந்திடாதேங்கோ.”

சிவசிதம்பரம் காரணம் கேட்டார். கொழும்பு இந்த மண்ணை விற்றுவிட்டது, ஆனாலும் ஒரு தமிழன் இங்கே கால் ஊன்றி நிற்கும்வரை தாயகம் உயிரோடு இருக்கிறது என்பது விளக்கம். பின்வளவில் பனைகளுக்கிடையில் இன்னொரு கம்பம் நட்டார்கள். அதில் ஏற்றவேண்டிய கொடியின் வடிவம் பற்றிக் கட்சிக்குள் கருத்து வேறுபாடு இருந்தது. ஒரு பகுதி அதனால்தான் பிரிந்து போயிருந்தது. தீர்மானம் வரும்வரை வெறும் கம்பத்துக்கு வணக்கம் செலுத்தும்படி கேட்டுக்கொண்டார்கள். ஆக விடியலில் முன்முற்றத்தில் கொடிக்கும் பின்வளவில் கம்பத்துக்குமாக அவர் இரண்டு தரம் நிமிர்ந்து நிற்க வேண்டியதாயிற்று.

“நீங்கள் ஒரு கிழமைக்கு இதில வந்து இருங்கோவன் தம்பி,” என்று அவர் கேட்டுப் பார்த்தார். “நான் ஓடிப்போய்ப் பேத்தியைப் பாத்திட்டு வந்திடுவன்.”

சரவணமுத்துவுக்கு அந்தக் கிழமை ஜெனீவாவில் கூட்டம் இருந்தது. அடுத்த கிழமை மெல்பேர்னில் மகனுக்குக் கலியாணம். போகும்போது படலையில் நிறுவனத்தின் முகாமையாளரோடு சிறிதுநேரம் கதைத்தார். அவருடைய நல்லூர் வீட்டை நிறுவனம் தன் ஊழியர்கள் தங்குவதற்கு எடுத்திருந்தது. அங்கே தண்ணீர்த் தாங்கி ஒழுகுகிறதாம்.

மழைக்காலம் போய்ப் பனி வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மனோகரியும் நிலாந்தினியும் குழந்தையைக் கொண்டுவந்தார்கள். பேத்திக்கு ஏற்கெனவே கீழே இரண்டு பல் முளைத்திருந்தது. வேலியோரம் பாய் விரித்து அதில் இருத்தினார்கள். சிவசிதம்பரம் உள்ளே நிலத்தில் குந்தினார். குழந்தை முதலில் அவரை ஒரு வெளிநாட்டுக்காரனைப் பார்ப்பது மாதிரிப் பார்த்தது. பிறகு கம்பிக்குள்ளால் கையை விட்டு அவருடைய சுட்டுவிரலைப் பிடித்தது. ரஜீபன் கடல் பக்கமாகத் திரும்பி நின்றுகொண்டான். உடல் உறுப்பு எதுவும் எல்லையைக் கடக்கக் கூடாது என்று பயிற்சியில் தெளிவாகச் சொல்லியிருந்தார்கள், அது அவனுக்கு விளங்கியும் இருந்தது.

போகும் நேரம் வந்தது. குழந்தை விரலை விடாமல் அழுதது. நிலாந்தினி ஒவ்வொரு விரலாகக் கழற்றி எடுத்தாள். அந்தப் பின்னேரம் சிவசிதம்பரம் கொடியை இறக்க மறந்துபோனார். அவருடைய முகத்தைப் பார்த்துவிட்டு ரஜீபனே வந்து இறக்கினான்.

மாசியில் திணைக்களம் இறைமை தினம் கொண்டாடியது. சிவசிதம்பரத்தின் முற்றத்தில் பந்தல் போட்டார்கள். அவரை நடுவில் ஒரு பெரிய கதிரையில் இருத்தி, மாலை போட்டு, மார்புக்குக் குறுக்கே ஒரு பட்டுப் பட்டியும் கட்டினார்கள். பட்டியில் மூன்று மொழியிலும் ‘மக்கள்’ என்று எழுதியிருந்தது.

திணைக்களத்தின் பணிப்பாளர் நாயகம் சிங்களத்தில் பேச, குருபரன் தமிழில் சொன்னார். “இந்தத் தாய்நாட்டின் ஒரு அங்குல நிலத்தைக்கூட நாம் அந்நியருக்குக் கொடுக்கவில்லை. கொடுத்தது முழுவதும் ஏக்கர் கணக்கில் என்பதைப் பெருமையுடன் தெரிவித்துக்கொள்கிறேன். எமது இறைமை எங்கே இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு நாம் இன்று விரலை நீட்டிக் காட்டலாம். இதோ, அந்தக் கதிரையில் இருக்கிறது. அது சாப்பிடுகிறது, நித்திரை கொள்கிறது, நாம் சொன்ன இடத்தில் இருக்கிறது. உலகில் எத்தனை நாடுகள் இப்படிச் சொல்ல முடியும்?”

நிறுவனத்தின் தலைவர் விமானத்தில் வந்திருந்தார். எல்லைகளில் தனக்கு நம்பிக்கையே இல்லை என்று தொடங்கினார். இந்த வேலியின் கம்பி ஒரு நாட்டிலிருந்து வந்தது, தூண் இன்னொரு நாட்டிலிருந்து வந்தது, கட்டியவர்கள் மூன்றாவது நாட்டிலிருந்து வந்தார்கள், காவல் காப்பவர் உள்ளூர்க்காரர், உலகம் ஒரே கிராமம் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா என்று கேட்டார். சரவணமுத்து கடைசியாக எழும்பி, முன்னால் பேசிய இருவரையும் கண்டித்து, அழைப்புக்கு நன்றி சொல்லிவிட்டுக் கதிரையில் இருந்தார்.

பிறகு கீதங்கள். முதலில் நாட்டின் கீதம், அடுத்தது நிறுவனத்தின் நாட்டுக் கீதம், மூன்றாவது வலயத்துக்கென்று புதிதாக இயற்றிய கீதம். கீதம் ஒலிக்கும்போது அசைவது தண்டனைக்குரிய குற்றம் என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். எல்லாரும் எழும்பிச் சிலையாக நின்றார்கள்.

சிவசிதம்பரமும் எழும்பினார். எழும்பியவர் அப்படியே நடந்தார்.

அவர் ஓடவில்லை. முன்வரிசைக்கும் இரண்டாம் வரிசைக்கும் நடுவால், யாருடைய காலையும் மிதிக்காமல் நடந்தார். கண்கள் மட்டும் அவருக்குப் பின்னால் உருண்டன. பணிப்பாளர் நாயகத்தின் கழுத்து நரம்பு புடைத்தது. குருபரனின் உதடு துடித்தது, ஆனால் அவர் சட்டம் படித்தவர், அசையவில்லை. படலையில் ரஜீபன் நெற்றியில் கைவைத்து விறைத்து நின்றான். சிவசிதம்பரம் கிட்டப் போனதும் வாயைத் திறக்காமலே சொன்னான்.

“ஆறுதலாப் போங்கோ ஐயா. மூண்டாவது பாட்டுக் கொஞ்சம் நீளம்.”

பஸ்ஸில் ஏறும்போது மாலையைக் கழற்றியிருந்தார், பட்டியை மறந்துவிட்டார். கொண்டக்டர் அதை வாசித்துவிட்டு எந்தக் கட்சி என்று கேட்டான்.

யாழ்ப்பாணத்தில் பேத்தி முதலில் அழுதாள், பிறகு பட்டியைப் பிடித்து வாய்க்குள் வைத்தாள். மூக்கு அவருடையதுதான். மனோகரி சோறு போட்டாள். எதிரில் இருந்து, அவர் சாப்பிட்டு முடியுமட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு வாகனச் சத்தத்துக்கும் இருவரும் வாசலைப் பார்த்தார்கள். ஒருவரும் வரவில்லை. வலயத்தில் மக்கள் நலமாக இருக்கிறார்கள் என்று செய்தியில் சொன்னார்கள்.

சில கிழமைக்குப் பிறகு குருபரன் வந்தார். சிவசிதம்பரம் எழும்பி அவருக்குக் கதிரை போட்டார். குருபரன் இருந்து, அவரைத் தாண்டி மனோகரியைப் பார்த்துக் கதைத்தார்.

“அக்கா, உங்கட அவர் வலயத்தில நல்லா இருக்கிறார். அதைச் சொல்லிட்டுப் போகத்தான் வந்தனான்.”

மனோகரி பக்கத்தில் நின்ற புருஷனைப் பார்த்தாள்.

குருபரன் பொறுமையாக விளங்கப்படுத்தினார். வெளியேற்ற அனுமதி எவருக்கும் வழங்கப்படவில்லை. அனுமதி இல்லாமல் வெளியேற முடியாது. ஆகவே வெளியேற்றம் நடக்கவில்லை. நடந்ததென்றால் வழக்கறிஞரின் உறுதிமொழி பொய், உறுதிமொழி பொய்யென்றால் குத்தகை பிழை, குத்தகை பிழையென்றால் அரசாங்கம் பிழை. ஒரு மனிதன் பஸ் ஏறினான் என்பதற்காக அரசியலமைப்பைக் குழப்ப முடியாது. “ஆனா ஆரும் வெளியில நிண்டு தன்னைச் சிவசிதம்பரம் எண்டு சொன்னா, அந்தப் பேருக்கு ஓம் எண்டு பதில் குடுத்தாலும், அது ஆள்மாறாட்டம். மக்களைப் போல நடிக்கிறது பெரிய குற்றம் அக்கா. உள்ள வைச்சிடுவினம்.” தேத்தண்ணீரைக் குடித்துவிட்டு, முதல்தரமாகச் சிவசிதம்பரத்தை நேரே பார்த்தார். “இவர் ஆர் எண்டு நான் கேக்கேல்ல,” என்றார் அன்போடு.

அவர் போனபிறகு மனோகரி சிரித்தாள். தொல்லை விட்டது, பேர் போனால் போகட்டும் என்றாள். சிவசிதம்பரத்துக்கும் அது பெரிய இழப்பாகத் தெரியவில்லை. நாளடைவில்தான் தெரிந்தது. புதிய முகவரிக்குப் பதிவை மாற்றப் போனபோது, நீங்கள் வலயத்தில் இருப்பதாகக் கணினி சொல்கிறதே என்று கிராம அலுவலரான விதானையார் சங்கடப்பட்டார். றோட்டில் தெரிந்தவர்கள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, பெயர் சொல்லாமல் சுகம் கேட்டார்கள். அவர் வீட்டோடு இருக்கத் தொடங்கினார். மகளின் வீடு இரண்டு அறையும் ஒரு விறாந்தையும். வேலிக்குள் இருந்தபோதாவது ஒரு வளவு இருந்தது.

ஒருநாள் தொலைக்காட்சியில் வலயத்தைக் காட்டினார்கள். ஒருவர் முதுகைக் காட்டிக்கொண்டு கொடி ஏற்றினார். “உது உங்கட சேட்டெல்லோ,” என்றாள் மனோகரி. முதுகில் அவள் தைத்துக்கொடுத்த கிழிசல் தெரிந்தது.

சேட்டுக்குள் யார் என்பது அடுத்த வாரம் தெரிந்தது. மண்டைதீவிலிருந்து மேரிஜோசப்பின் என்ற ஒரு அம்மா வீடு தேடி வந்தார். ரஜீபனின் தாய். வெயிலில் நடந்து வந்த களைப்பில் விறாந்தைப் படியிலேயே இருந்துவிட்டார். மூன்றாவது பாட்டு முடிந்ததும் மகனைப் பிடித்துக்கொண்டார்களாம். விசாரணையா, பதவி உயர்வா என்று கேட்டார்களாம். அதிபர் இல்லாவிட்டால் பதில் அதிபர், பணிப்பாளர் இல்லாவிட்டால் பதில் பணிப்பாளர் இருப்பதுபோல், அவனைப் பதில் சிவசிதம்பரமாக நியமித்தார்கள். கொஞ்ச நாளைக்கு என்றுதான் சொன்னார்கள். ஊர்காவற்றுறையில் ஒரு பெண்ணோடு அவனுக்குக் கலியாணம் நிச்சயமாகியிருந்தது. பூசையில் கலியாண அறிவித்தல் ஓலை வாசித்து முடிந்தும் மாப்பிள்ளை கோவிலுக்கு வர அனுமதி கிடைக்கவில்லை.

அந்த அம்மா ஒருவரையும் குறை சொல்லவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டுச் சொன்னார். “அண்ணை, நீங்கள் ஒருக்கா வந்து நீங்கள்தான் நீங்கள் எண்டு சொன்னா, என்ர பிள்ளையை விட்டிடுவாங்கள்.”

சிவசிதம்பரம் பேத்தியைத் திரும்பிப் பார்த்தார். பேத்தி பாயில் குப்புறக் கிடந்து நித்திரை. நிலாந்தினி அறைக்குள் போய்விட்டாள். மனோகரி அந்த அம்மாவுக்குச் சோறு போட்டாள், சாப்பிட வைத்தாள், படலைவரை கூடப் போனாள். திரும்பி வந்து அலுமாரியைத் திறந்து அவருடைய உடுப்புகளை எடுத்து ஒரு பையில் வைக்கத் தொடங்கினாள். இரண்டு சாரம், துவாய், பிறஷர் குளிசை. அவள் அழுதுகொண்டிருந்தாள், கை மட்டும் வேலை செய்தது.

“நானும் படலை வரைக்கும் வாறன்,” என்றாள்.

மறுநாள் காலை குருபரனின் அலுவலகத்தில் சிவசிதம்பரம் பையோடு போய் நின்றார். இறைமைப் பேணல் திணைக்களம் ஒரு கடைத்தொகுதியின் மேல்மாடியில், நிறுவனம் இலவசமாகக் கொடுத்த இடத்தில் இருந்தது.

“சேர், நான்தான் சிவசிதம்பரம். நான் உள்ள போறன். அந்தப் பெடியனை விடுங்கோ.”

குருபரன் எழும்பிப் போய்க் கதவைச் சாத்தினார். அந்தப் பெயரை அவர் சொன்னது தன் காதில் விழவில்லை என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி உண்மையைச் சொன்னார். பதில் சிவசிதம்பரம் மிகவும் திருப்திகரமாக வேலை செய்கிறார். நேரத்துக்கு எழும்புகிறார், நன்றாக நிமிர்ந்து நிற்கிறார், பேத்தி என்று ஒன்றும் கேட்பதில்லை. இறைமைக்கு இளமை திரும்பியிருக்கிறது என்று பணிப்பாளர் நாயகம் சொல்கிறார். பதவியை நிரந்தரமாக்கி அரச வர்த்தமானியிலும் போட்டாயிற்று. அதற்கு முப்பத்தைந்து வயதுக்கு உட்பட்டவராக இருக்க வேண்டும், சாதாரண தரப் பரீட்சையில் ஆறு பாடம் சித்தி வேண்டும், இரண்டு மொழி தெரிய வேண்டும்.

“நான் சொல்லுறது உங்கட நன்மைக்குத்தான் ஐயா,” என்றார். “நீங்கள் விண்ணப்பிச்சாலும் சிவசிதம்பரம் ஆகிறதுக்கு உங்களிட்டத் தகுதி காணாது.”

பஸ்ஸில் மனோகரி பையை மடியில் வைத்திருந்தாள். ரஜீபனுக்கு நேரே சொல்லவேண்டும் என்பதற்காகத்தான் சுருவிலுக்குப் போனார்கள். அவன் வேலியடிக்கு வந்தான். மெலிந்திருந்தான். சிவசிதம்பரத்தின் சேட்டு அவனுக்குத் தோளில் பிடித்து, வயிற்றில் தொளதொளத்தது. மார்பில் புதிய பட்டி.

“சரிவரேல்ல மோனை,” என்றார் சிவசிதம்பரம்.

ரஜீபன் தலையாட்டினான். அம்மா சாப்பிடுகிறாவா என்று கேட்டான். சாப்பிட்டார், நான் பார்த்தேன் என்றாள் மனோகரி. படலையில் இப்போது புதிய காவலாளி நின்றான். தீவுப்பக்கத்து ஆள் இல்லை, யாரையும் தெரியாது. நேரம் முடிந்தது என்று கையைக் காட்டினான். பஸ் திரும்பி வந்துகொண்டிருந்தது. இருவரும் றோட்டுக்கு நடந்தார்கள். மனோகரி ஒரு காலைப் படியில் வைத்துவிட்டாள்.

“சிவசிதம்பரம் ஐயா,” என்று உள்ளிருந்து ரஜீபன் கூப்பிட்டான்.

புதிய காவலாளி அவனைத் திரும்பிப் பார்த்தான். “உம்மட பேரை நீரே கூப்பிடுறீர், என்ன விசரோ?” என்றான். சொல்லிவிட்டு, யாரைக் கூப்பிட்டான் என்று றோட்டுப் பக்கம் கண்ணை ஓட்டினான். றோட்டில் ஒரே ஒரு ஆண்பிள்ளைதான் நின்றார். காவலாளி இடுப்பிலிருந்து தொலைபேசியை எடுத்தான்.

“ஏறுங்கோப்பா,” என்றாள் மனோகரி மெல்ல. கொண்டக்டர் பஸ்ஸின் தகரத்தில் தட்டினான்.

சிவசிதம்பரம் பஸ்ஸைப் பார்த்தார். பிறகு திரும்பி வேலியை நோக்கி நடந்தார்.

“ஓம் மோனை, நான்தான்,” என்றார். “சொல்லும்.”